இந்த வாரம் யார் இல்லை?

2024 மே மாதம். ஐ.பி.எல். பாதி தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. மதீஷ பத்திரண தொடையின் பின்தசையில் காயப்பட்டு, சென்னை அணியை விட்டு நாடு திரும்புகிறார் எண்டு செய்தி வந்தது. வந்தாறுமூலையில எங்கட வளாகத்துக்குக் கிட்ட உள்ள தேத்தண்ணிக் கடையில அண்டைக்கு முழுக்க அதே கதைதான்.

"ஆறு மட்ச்சில பதின்மூணு விக்கட் மச்சான். இனிக் கடைசி ஓவர் யார் போடுற?"

"சென்னை முடிஞ்சுது."

"அத விடு. ஜூன்ல உலகக் கிண்ணம். அதுக்கு வருவானா?"

நானும் சேர்ந்து கத்தினேன். இரவு படுக்கும்போதுதான் ஒண்டு உறைச்சது. பத்திரணவுக்கு அப்ப 21 வயசு, எங்கட வயசு. அவருக்கு எப்படி இருக்கிறது எண்டு எங்களில ஒருத்தரும் கேட்கவில்லை. காயம் எண்டால் எங்களுக்கு அணியில விழுந்த ஒரு ஓட்டை, அவ்வளவுதான்.

இந்தப் பேச்சு எங்கேயிருந்து வந்தது எண்டு தேடப்போய் நான் போய் நின்ற இடம் அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில தூக்கி ஓடுகிற, எதிராளியை மோதி விழுத்துகிற ஆட்டம். அது எனக்கு முழு அந்நியமும் இல்லை. எங்கட பட்டணத்து வெபர் மைதானம் ஒரு அமெரிக்கப் பாதிரியாரின் பெயரில இருக்கிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு நியூ ஓர்லியன்சிலிருந்து மட்டக்களப்புக்கு வரத் தொடங்கிய இயேசு சபைத் துறவிகளில் வெபர் அடிகளாரும் ஒருவர். அவர்கள் வந்த ஊரின் அணி எது எண்டு பார்த்தேன்: நியூ ஓர்லியன்ஸ் செயின்ட்ஸ். அப்படித்தான் அந்த ஆட்டத்தை வாசிக்கத் தொடங்கினேன்.

அமெரிக்காவின் என்.எப்.எல். போட்டிகள் செப்டெம்பரில் தொடங்கி பெப்ரவரி வரை நடக்கும். ஒக்டோபர், நவம்பர் வந்தால் பருவத்தின் நடுப்பகுதி. ஒவ்வொரு அணியும் வாரத்துக்கு வாரம் ஒரு காயப் பட்டியலை வெளியிட வேண்டும். யாருக்கு எங்கே காயம், பயிற்சிக்கு வந்தாரா, விளையாடுவாரா எண்டு எல்லாம் அதில இருக்கும். பெயருக்குப் பக்கத்தில மூன்று சொல்லில் ஒன்று வரும்: சந்தேகம், கடினம், இல்லை.

இந்தப் பட்டியல் வீரர்மேல் வைத்த அக்கறையால வந்தது இல்லை. 1946 இறுதிப் போட்டியை ஒட்டி, நியூயோர்க் ஜயன்ட்ஸ் வீரர் இருவரை ஒரு சூதாட்டக்காரர் காசு கொடுத்து வளைக்கப் பார்த்தது அம்பலமானது. அப்போதைய ஆணையாளர் பேர்ட் பெல், அணிக்குள் இருக்கும் இரகசியத் தகவலை வைத்து யாரும் சம்பாதிக்கக் கூடாது எண்டு காயங்களைப் பகிரங்கப்படுத்தச் சொன்னார். அதாவது பட்டியல் பிறந்தது பந்தயத்தை ஒழுங்குபடுத்த.

1962ல் இன்னொரு விசயம் நடந்தது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்காளி ஒருவரும் அவருடைய கூட்டாளிகளும் நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் இருந்து ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தார்கள். உண்மையான வீரர்களைத் தேர்ந்தெடுத்து உங்களுக்கு ஒரு கற்பனை அணி வைத்துக்கொள்ளலாம். அவர்கள் மைதானத்தில் செய்வது உங்களுக்குப் புள்ளி. இண்டைக்கு நாம் ஐ.பி.எல்.லுக்கு போனில் அணி கட்டுவதற்கு அதுவும் ஒரு மூதாதை. இந்த ஆட்டம் பரவினதும் ரசிகரின் கேள்வி மாறியது. "அவர் எப்படி இருக்கிறார்" என்பது போய், "அவரை வைத்திருக்கவா, மாற்றவா" எண்டு ஆனது.

அந்தப் பட்டியலில் வராத காயமும் இருந்தது. பிட்ஸ்பேர்க் அணியின் பழைய வீரர் மைக் வெப்ஸ்டர் 2002ல் 50 வயதில் இறந்தார். அவருடைய மூளையைப் பரிசோதித்த நைஜீரிய மருத்துவர் பென்னட் ஒமாலு, திரும்பத் திரும்ப வாங்கிய அடிகளால் வந்த நோயை அதில் கண்டு 2005ல் எழுதினார். லீக் முதலில் அதை மறுத்தது. 2017ல் பொஸ்டன் ஆய்வாளர்கள் முன்னாள் என்.எப்.எல். வீரர்கள் 111 பேரின் மூளைகளைப் பார்த்தபோது 110 இல் அதே நோய் இருந்தது. சந்தேகம் வந்த குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன, அதனால் எல்லா வீரருக்கும் இதே வீதம் எண்டு சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று விளங்குகிறது. அந்த ஞாயிற்றுக்கிழமை யார் இல்லை எண்டு பட்டியல் சொல்லும். இருபது வருசம் கழித்து யார் இல்லை எண்டு சொல்லாது.

நான் பிடித்த செயின்ட்ஸ் அணியும் சுத்தம் இல்லை. 2009 முதல் 2011 வரை, எதிரணி வீரரை மைதானத்தை விட்டு வெளியேற வைக்கும் மோதலுக்குக் காசு கொடுக்கும் ஏற்பாடு அந்த அணிக்குள் இருந்ததாக லீக் 2012ல் அறிவித்தது. தலைமைப் பயிற்றுநர் ஷோன் பேய்ட்டனுக்கு ஒரு முழுப் பருவத் தடை. வீரர்கள் மீதான தடைகள் பிறகு மேன்முறையீட்டில் நீங்கின. காயம் வெறும் கணக்காக மாறினால் அது கடைசியில் போய் நிற்கிற இடம் இதுதான் எண்டு எனக்குப் பட்டது.

ரசிகர்கள் இப்படித்தான் எண்டு முடிக்கலாம் எண்டு பார்த்தால், 2023 ஜனவரி 2 வருகிறது. சின்சினாட்டியில் நடந்த ஆட்டத்தில் பஃபலோ அணியின் 24 வயது டமார் ஹாம்லின் ஒரு மோதலுக்குப் பிறகு எழும்பினார், அப்படியே விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி உயிரைப் பிடித்தார்கள். ஆட்டம் நின்றது, பிறகு கைவிடப்பட்டது. பலருக்குக் கற்பனை லீக்கின் இறுதி வாரம் அது. ஆனால் அண்டைக்குப் புள்ளி பெரிசாகத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் வாங்க 2,500 டொலர் இலக்கு வைத்து ஹாம்லின் முன்பு தொடங்கிய நிதியில், முகம் தெரியாத ரசிகர்கள் போட்ட காசு சில நாளிலேயே 80 இலட்சம் டொலரைத் தாண்டியது. அவர் பிழைத்தார், அடுத்த பருவம் திரும்பவும் விளையாடினார்.

இதை வாசித்து முடித்த பிறகு, எங்கட ஊர்ப் பயிற்றுநர் ஒருவர்தான் என் நினைவில நின்றார்.

யூஜின் ஹேபியர் அடிகளார் 1948ல் லூசியானாவிலிருந்து வந்தவர். வாவி சூழ்ந்த புளியந்தீவில் 1873ல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரியில் கூடைப்பந்து பழக்கினார். தொழிற்பயிற்சி நிலையமும் நடத்தினார். 1990 ஆகஸ்ட் இந்த மாவட்டத்துக்கு மிக மோசமான மாதம். 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களையும், 11ஆம் 12ஆம் திகதிகளில் ஏறாவூரில் முஸ்லிம் சனத்தையும் புலிகள் கொன்றார்கள். பதிலுக்குத் தமிழர்களும் கொல்லப்பட்டார்கள். 15ஆம் திகதி, 66 வயதான ஹேபியர் ஒரு இளைஞரோடு வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பினார். இருவரும் வந்து சேரவில்லை. இண்டைவரைக்கும் இல்லை.

அந்தப் பாதைதான் எங்கட வளாகத்துக்கு முன்னால போகிறது. மூன்று கிழமை கழித்து, செப்டெம்பர் 5ஆம் திகதி, அதே வளாகத்தில் அகதிகளாக இருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்களும் திரும்பவில்லை. ஒரு கால் தசை பிடித்தால் வாரத்தில் மூன்று தரம் அறிக்கை விடுகிற உலகத்தில, இவர்களுக்கு என்ன நடந்தது எண்டு சொல்ல ஒரு வரி அறிக்கைகூட வீட்டுக்கு வரவில்லை. பெயர்ப் பட்டியலைச் சேர்த்துவைத்தது சனம்தான். ஒவ்வொரு வருசமும் அதே கேள்வியைக் கேட்கிறதும் சனம்தான்.

இரண்டும் ஒன்று எண்டு நான் சொல்லவில்லை. தசைப்பிடிப்பும் காணாமல் ஆக்கப்படுவதும் ஒன்று ஆகாது. ஆனால் "இந்த வாரம் யார் இல்லை?" எண்டு கேட்கத் தெரிந்த கூட்டம் நாங்கள். அந்தக் கேள்வியைப் புள்ளிக்காகவும் கேட்கலாம், ஆளுக்காகவும் கேட்கலாம். தேத்தண்ணிக் கடையில எங்கட கதை அடுத்த பருவமும் நடக்கும், நானும் கத்துவேன். ஆனால் "இனி யார் போடுற?" எண்டு கேட்க முதல், "பொடியனுக்கு எப்பிடி இரிக்காம்?" எண்டு ஒருக்கா கேட்பம். அங்க கேட்டுப் பழகினால், கடைக்கு முன்னால போற பாதையைப் பற்றியும் கேட்க வாய் வரும்.