நட்ட மரமும் தானாய் முளைத்த மரமும்: கூடலூரில் மரவெட்டு அனுமதியின் வரலாறு

கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டம் வைத்திருப்பவர் நிழலுக்கு நிற்கும் ஒரு சில்வர் ஓக் மரத்தை வெட்ட நினைத்தால் பட்டா மட்டும் போதாது. அந்த மரம் நட்டதா, தானாய் முளைத்ததா என்பதற்கும் விடை வேண்டும். நிலம் யாருடையதோ மரமும் அவருடையது என்ற பழைய கணக்கு எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது? சுற்றுச்சூழல் அக்கறைதான் காரணம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த அக்கறை இந்தக் கதைக்குள் வெகு தாமதமாகவே வருகிறது.

தொடக்கம் கப்பல் கட்டும் தளத்தில். கிழக்கிந்தியக் கம்பெனி 1806இல் கேப்டன் வாட்சனை மலபாரின் வனக் காப்பாளராக நியமித்தது. கப்பலுக்குத் தேக்கு தேவைப்பட்டது. ஜன்மிகள் எனப்படும் பரம்பரை நிலவுடைமையாளர்களின் காடுகளில் நின்ற தேக்கும் கம்பெனியின் உரிமை என்று ஆனது. நிலக்காரர்களும் மரவணிகர்களும் விடாமல் முறையிட்டார்கள். சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ 1823இல் அந்தப் பதவியையே ஒழித்தார். உரிமை மீண்டது, கோடரியும் திரும்பியது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குக் கன்றுகளை நடத் தொடங்கியது இந்தப் பின்னணியில்தான். தனியார் மரத்தைப் பிடுங்க முடியாத அரசு தானே நட்டுக்கொண்டது என்று இதை வாசிக்கலாம்.

கூடலூர் அடங்கிய தென்கிழக்கு வயநாடு 1877இல் மலபாரிலிருந்து நீலகிரியோடு சேர்க்கப்பட்டது. மாவட்டம் மாறினாலும் ஜன்ம உரிமை மாறவில்லை. பெரும் நிலப்பரப்பு நிலம்பூர்க் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் கையில் இருந்தது.

இரண்டாம் கட்டம் ஜமீன் ஒழிப்போடு வருகிறது. நிலம் போகப்போகிறது என்று தெரிந்த உடைமையாளர் மரத்தைக் காசாக்கப் பார்ப்பது இயல்பு. எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. மறு ஆண்டே சென்னை தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். காட்டை விற்கவும் மரத்தை வெட்டவும் கலெக்டரின் முன்அனுமதி தேவை என்றானது. 1955இன் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் மரவெட்டையும் மலைச்சரிவுச் சாகுபடியையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. என் பார்வையில் உண்மையான திருப்பம் இதுதான்: உடைமையாளர் யார் என்பதை ஒதுக்கி, நிலம் எங்கே இருக்கிறது என்பதை அளவுகோலாக்கிய சட்டம் இது.

1969இன் கூடலூர் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் சிக்கலை முடிப்பதற்குப் பதிலாகப் பெருக்கியது. பால்மடீஸ் தோட்ட வழக்கில் 1972இல் உச்ச நீதிமன்றம், காடுகளை எடுத்துக்கொள்வது நிலச் சீர்திருத்தம் ஆகாது என்று அந்தப் பகுதியை மட்டும் செல்லாததாக்கியது. 1974இல் நாடாளுமன்றம் சட்டத்தை, நீதிமன்றச் சோதனையிலிருந்து சட்டங்களைக் காக்கும் ஒன்பதாம் அட்டவணையில் சேர்த்தது. அந்தச் சேர்ப்பை எதிர்த்துக் கிளைத்த கோயல்ஹோ வழக்குக்கு 2007இல்தான் ஒன்பது நீதிபதிகள் அமர்வின் தீர்ப்பு வந்தது. அரசமைப்புச் சட்டம் படிக்கும் மாணவர்கள் மனப்பாடமாகச் சொல்லும் அந்தத் தீர்ப்பின் வேர் கூடலூர்க் காட்டில் இருப்பது பலருக்கும் தெரியாது.

நிலம் யாருடையது என்ற வழக்கு இழுபட, மரங்கள் சரிந்தன. அதைப் பொறுக்காமல் 1995இல் உச்ச நீதிமன்றம் போனவர் நிலம்பூர்க் கோவிலகத்தின் டி.என். கோதவர்மன் திருமுல்பாட், ஜன்மிகளின் வழிவந்தவரே மரத்துக்காக வாதியானார். 1996 டிசம்பர் 12 அன்று நீதிபதிகள் ஜே.எஸ். வர்மாவும் பி.என். கிர்பாலும் பிறப்பித்த இடைக்கால ஆணை, உடைமை யாருடையதாக இருந்தாலும் அகராதிப் பொருளில் காடு எதுவோ அது காடே என்றது. தமிழ்நாட்டுத் தோட்டங்களுக்குத் தனிப் பத்தி. நிழல்மரங்களில் நட்டவற்றை மட்டும் வெட்டலாம், தானாய் முளைத்தவற்றைத் தொடக்கூடாது. அதுவும் அரசுத் தேயிலைக் கழகமான டான்டீயின் அறிக்கை குறித்த இனங்களை மட்டும், மாநில அரசு அமைக்கும் குழுவின் மேற்பார்வையில்.

வாட்சன் இனம் பார்த்தார், 1955 இடம் பார்த்தது, 1996 மரத்தின் பிறப்பைப் பார்த்தது. நடைமுறையில் மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஈட்டி மரத்துக்கு இன்னொரு அடுக்கும் இருந்தது. பட்டா நிலத்திலும் அதை அனுமதியின்றி வெட்டக்கூடாது என்ற 1994ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் 15 ஆண்டுகளுக்கு மட்டுமே இயற்றப்பட்டு, 2010இல் மேலும் 15 ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. நூறாண்டு கடந்தும் நிற்கும் மரத்துக்குப் பதினைந்து பதினைந்து ஆண்டுகளாகக் காவல் போட்ட கணக்கு, சட்டமியற்றியோர் இதை நிரந்தர உரிமைக் குறைப்பாகக் காட்டத் தயங்கியதைத்தான் சொல்கிறது.