அழற்சிக் குடல் நோயில் புற்றுநோய்க் கண்காணிப்பு: டாலிகஞ்ச், கொல்கத்தா

பெருங்குடலில் நெடுநாள் அழற்சி உள்ளவர்களிடம் புற்றுநோயின் முதல் தடத்தை, அறிகுறி தோன்றும் முன்பே, குறித்த ஆண்டு இடைவெளியில் கொலனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் பெருங்குடலின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனை) செய்து தேடுவதே புற்றுநோய்க் கண்காணிப்பு. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், பெருங்குடலைத் தாக்கிய கிரோன் நோய் ஆகிய இரண்டிலும் இது தேவைப்படுகிறது. நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனதும் முதல் சோதனை என்பது பெரும்பாலான வழிகாட்டுதல்களில் உள்ள விதி. தென் கொல்கத்தாவின் டாலிகஞ்ச் போன்ற பகுதியில் இந்த விதி தடுக்கி நிற்பது அதன் முதல் சொற்களிலேயே: நோய் எப்போது தொடங்கியது?

தொலைந்துபோகும் தொடக்க ஆண்டு

வயிற்றுப்போக்கு என்றாலே கிருமி என்று கொல்கத்தா நினைப்பதற்கு நியாயம் உண்டு. காலரா நச்சு இருப்பதை 1959இல் நிறுவிய சம்புநாத் தே கொல்கத்தாவில் பணியாற்றியவர். 1971இல் வங்கதேச அகதிகள் முகாமில் உப்பு சர்க்கரைக் கரைசலால் ஏராளமான உயிர்களைக் காத்த திலீப் மஹலனாபிஸும் இங்கிருந்து போனவர்தான்.

ஆகவே மலத்தில் ரத்தமும் சளியும் கண்டால் வங்காளி வீட்டில் முதலில் வரும் சொல் ‘ஆமாஷா’, நம் சீதபேதி. அடுத்த ஊகம் ‘அர்ஷோ’, அதாவது மூலம். மருந்துக்கடையில் மெட்ரோனிடசோல் வாங்கிச் சாப்பிடுவார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதால், இயல்பாக வந்த தணிவு மாத்திரையின் கணக்கில் சேர்ந்துவிடும். கிரோன் நோயின் கதை வேறு. அது குடல் காசநோயைப் போலவே தோற்றமளிப்பதால், இந்தியாவில் சிலருக்கு முதலில் காசநோய் மருந்து கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இப்படி மாதங்களும் ஆண்டுகளும் போனபின் ஒருநாள் கொலனோஸ்கோப்பியில் உண்மை தெரிகிறது. அறிக்கையில் அந்த நாளே தொடக்கம் என்று பதிந்துவிடுகிறது.

இது சின்ன பிழை அல்ல. எட்டு ஆண்டுக் கணக்கு நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து அல்ல, அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. ஐந்து ஆண்டுகள் ஆமாஷா என்று கழிந்திருந்தால், கண்டுபிடித்த மூன்றாம் ஆண்டிலேயே முதல் சோதனை வேண்டும். “முதன்முதலில் ரத்தம் போனது எந்த ஆண்டு?” என்ற கேள்விக்கான பதிலை நோயாளி தன் கோப்பின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பது, பல விலையுயர்ந்த பரிசோதனைகளைவிடப் பயனுள்ளது.

ஆபத்து எவ்வளவு

அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோயாளிக்குப் புற்றுநோய் வந்ததை மருத்துவர்கள் கிரோனும் ரோசன்பெர்க்கும் 1925இல் பதிவு செய்தார்கள். உலகெங்குமிருந்து வந்த ஆய்வுகளைத் தொகுத்து 2001இல் ஈடன் குழுவினர் தந்த கணக்கு, 10 ஆண்டில் 2 சதவீதம், 20 ஆண்டில் 8, 30 ஆண்டில் 18. பின்னர் வந்த பல ஆய்வுகளில் இது குறைந்தது. ஆசிய நோயாளிகள் பற்றி டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் முன்னின்று 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வில் 10 ஆண்டில் 0.02, 20 ஆண்டில் 4.81, 30 ஆண்டில் 13.91 சதவீதம். முதல் பத்தாண்டில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, பிறகு ஏறுகிறது. இளம் வயதில் நோய் வந்தவருக்கு அந்த மூன்றாவது பத்தாண்டு உழைக்கும் வயதிலேயே வந்து சேரும்.

நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதும் முக்கியம். ஸ்வீடனில் எக்பாம் குழுவினர் 1990இல் கண்டபடி, பெருங்குடல் முழுவதும் பாதித்தவர்களுக்கு ஆபத்து பொதுமக்களைவிட 14.8 மடங்கு, இடப்பக்கம் மட்டும் என்றால் 2.8 மடங்கு; மலக்குடலோடு நின்றால் 1.7 மடங்குதான். அதனால் மலக்குடல் அழற்சி மட்டும் உள்ளவருக்கு இந்தக் கண்காணிப்பு தேவையில்லை. பித்தநாளங்கள் தடித்துச் சுருங்கும் ஸ்க்ளீரோசிங் கொலாஞ்சைட்டிஸ் கூடவே இருந்தால் எட்டு ஆண்டு காத்திருக்கக் கூடாது. அது தெரிந்த நாளிலிருந்து ஆண்டுதோறும் சோதனை. நெருங்கிய உறவினர் 50 வயதுக்குள் பெருங்குடல் புற்றுநோய் கண்டிருந்தாலோ, குடல் சுருங்கியிருந்தாலோ, பரவலான அழற்சி கடுமையாக நீடித்தாலோ முதல் சோதனைக்குப் பின் இடைவெளி ஓராண்டு. மிதமான ஆபத்துள்ளவர்களுக்கு இரண்டு அல்லது மூன்று ஆண்டு, மற்றவர்களுக்கு ஐந்து.

எதைத் தேடுகிறார்கள்

சாதாரணப் பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் மொட்டுப் போல எழும்பும் பாலிப்பிலிருந்து வருகிறது. அழற்சியுள்ள குடலில் அப்படியில்லை. புண்ணாகி ஆறி, மீண்டும் புண்ணாகும் சவ்வில் செல்கள் உருமாறத் தொடங்குகின்றன. இந்த மாற்றத்தின் பெயர் டிஸ்பிளாசியா. அது தட்டையாக, ஓரம் தெரியாமல், பழைய தழும்புகளுக்கு நடுவே படர்ந்திருக்கலாம். லண்டன் செயின்ட் மார்க்ஸ் மருத்துவமனையின் மார்சனும் பாங்கும் 1967இல், மலக்குடல் பயாப்சியில் இதைக் கண்டு வேறிடத்துப் புற்றுநோயை ஊகிக்க முடியும் என்று காட்டியதிலிருந்தே கண்காணிப்பு என்ற கருத்து வளர்ந்தது. 1983 முதல் டிஸ்பிளாசியாவைக் குறைந்த நிலை, உயர்ந்த நிலை, உறுதியற்றது என்று பிரித்து எழுதுகிறார்கள்.

நெடுங்காலம் 10 செ.மீ.க்கு ஒருமுறை நான்கு பக்கமும் என்று குறைந்தது 33 சவ்வுத் துண்டுகளைப் பயாப்சிக்கு எடுப்பதே வழக்கமாக இருந்தது. அத்தனை எடுத்தாலும் குடல் பரப்பில் ஒரு சதவீதம்கூட அடங்காது. இப்போது இண்டிகோ கார்மைன் அல்லது மெதிலீன் புளூ சாயத்தைச் சவ்வில் தெளிக்கிறார்கள். மேடும் பள்ளமும் நீலத்தில் துலங்க, மாறுபட்ட இடத்தைக் குறிவைத்துத் துண்டு எடுக்கலாம். 2015இல் வெளியான சீனிக் (SCENIC) என்னும் சர்வதேச நிபுணர்களின் கருத்தொருமிப்பு இந்த முறையை முன்வைத்தது. சாயத்தை நம்பிக் கருவியை அவசரமாக வெளியே இழுத்தால் பயனில்லை. பார்க்கும் கண்ணும் செலவிடும் நேரமும்தான் தீர்மானிக்கின்றன. அழற்சி கனன்றுகொண்டிருக்கும்போது எடுத்த துண்டில் உருமாற்றத்தையும் வீக்கத்தையும் பிரித்தறிவது கடினம். அதனால் நோய் தணிந்திருக்கும்போது செய்வதே சரி. டிஸ்பிளாசியா என்று முடிவு வந்தால், குடல் நோயில் தேர்ந்த இரண்டாவது நோய்க்குறியியல் மருத்துவர் அதே ஸ்லைடைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

டாலிகஞ்சிலிருந்து

இந்தச் சோதனைக்குப் போக டாலிகஞ்சுக்கு 1986 முதல் மெட்ரோ உண்டு. நிலையத்தின் இன்றைய பெயர் மஹாநாயக் உத்தம் குமார். அங்கிருந்து ஐந்தாவது நிலையமான ரவீந்திர சதனில் இறங்கினால், சற்று நடக்கும் தூரத்தில் எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனை. செரிமான, கல்லீரல் நோய்களுக்கென்றே அங்கே தனித் துறை இயங்குகிறது. எனினும் வங்காளக் குடும்பங்கள் பல சிகிச்சைக்காக நம் வேலூருக்கு ரயிலேறுகின்றன. வேலூருக்கு இறங்கும் காட்பாடி நிலையத்தில் வங்காளம் கேட்காத நாள் இராது. அதில் தவறில்லை. ஆனால் முந்தைய அறிக்கை ஓரூரில், பயாப்சி ஸ்லைடு வேறூரில் என்று சிதறினால் கண்காணிப்பு அறுந்துபோகிறது. போன முறை எந்த இடம் ஐயத்துக்குரியதாக இருந்தது என்பது அடுத்த மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

குடலைச் சுத்தம் செய்வது நோயாளியின் பங்கு. சில நாள் முன்பிருந்தே கீரையும் விதையுள்ள காயும் கூடாது. வங்காளச் சமையலில் போஸ்தோ என்னும் கசகசாவும் கடுகும் அன்றாடம் புழங்குவதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும்; சிறு விதைகள் சவ்வில் ஒட்டிக்கொண்டு பார்வையை மறைக்கும், கருவியின் குழாயையும் அடைக்கும். இரும்புச்சத்து மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வார்கள். பேதி மருந்தைப் பாதி முந்தின மாலை, மீதி சோதனையன்று அதிகாலை என்று பிரித்துக் குடித்தால் குடல் நன்றாகத் துலங்கும்.

கண்ணுக்குத் தெரியும் டிஸ்பிளாசியா முழுதாக வெட்டியெடுக்கக் கூடியதாக இருந்தால் கொலனோஸ்கோப்பி வழியாகவே எடுத்துவிட்டு, சில மாதங்களில் மறுபடி பார்க்கிறார்கள். எடுக்க முடியாததற்கும், பல இடங்களில் உள்ளதற்கும் பெருங்குடலை அகற்றும் அறுவை சிகிச்சை. அந்த அறுவையில் மலக்குடலை விட்டுவைத்திருந்தால், எஞ்சிய அந்தப் பகுதியையும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும்.