பட்டம் கைமாறிய கதை

ஆங்கிலத்தில் மிக அதிகப் பொருள் கொண்ட சொல் எது என்ற கேள்விக்கு, பொது அறிவுப் புத்தகங்கள் நெடுங்காலம் ‘செட்’ என்ற வினைச்சொல்லையே விடையாகச் சொல்லிவந்தன. 1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு அதற்குச் சுமார் 430 பொருள் தந்தது. அந்தப் பதிவின் நீளம் ஏறத்தாழ 60,000 சொற்கள். 2011-இல் ‘ரன்’ திருத்தி எழுதப்பட்டதும் அதன் கணக்கு 645 ஆயிற்று, பட்டமும் கைமாறியது. ரயில், ஆலை, கணினி என்று ஓடுபவை பெருகியதால் சொல்லும் பெருத்தது என்று காரணம் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் இந்த எண்கள் சொல்லின் வளர்ச்சியைவிட அகராதித் தொழிலின் வளர்ச்சியையே அதிகம் காட்டுகின்றன.

1755-இல் சாமுவேல் ஜான்சன் தம் அகராதியில் ‘டேக்’ என்ற வினைக்கு 134 பொருள் கொடுத்தார். அவருக்குக் கைகொடுத்தவை அவர் கோடிட்ட நூல்களும், அந்த வரிகளைப் படியெடுத்த ஒரு சில உதவியாளர்களும்தான். 1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியரான ஜேம்ஸ் மர்ரே, மில் ஹில்லில் எழுப்பிய இரும்புக் கொட்டகையில் இருந்தபடி, வாசகர்களிடம் மேற்கோள் சீட்டுகளைக் கேட்டு வாங்கினார். சொல், ஆண்டு, நூல், பக்கம், வாக்கியம் என ஒவ்வொரு சீட்டிலும் குறிக்க வேண்டும். தொண்டர்களோ அபூர்வச் சொற்களைத் தேடித் தேடி அனுப்பிவிட்டு, அன்றாடச் சொற்களைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். ‘அபியூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டு அளவில் சேர்ந்திருக்க, ‘அபியூஸ்’ என்பதற்கு ஐந்துகூடத் தேறவில்லை. எளிய சொற்களுக்கான சான்றை அலுவலகத்தாரே தேட வேண்டியதாயிற்று.

‘செட்’ பதிவின் அடித்தளம் அதே அகராதியின் இன்னொரு ஆசிரியரான ஹென்றி பிராட்லி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தது. 1989 பதிப்பு பெரும்பாலும் பழைய பதிப்பையும் அதன் துணைத் தொகுதிகளையும் ஒன்றாகக் கோத்ததுதான். இக்காலத் திருத்தப் பணி 2000-இல் ‘எம்’ எழுத்திலிருந்து வெளிவரத் தொடங்கியது. அகர வரிசையில் ‘ஆர்’ முந்தியது, ‘எஸ்’ காத்திருந்தது. இந்தத் திருத்தப் பணியில் இருந்த ஆசிரியர் பீட்டர் கில்லிவர் ‘ரன்’ ஒன்றுக்கே சுமார் ஒன்பது மாதம் உழைத்தார். பிராட்லி கண்டிராத மின்னணு நூல் தொகுப்புகள் அவருக்குக் கிடைத்தன. ஆக 430-ஐயும் 645-ஐயும் அருகருகே வைப்பது இரண்டு சொற்களை அளப்பதாகாது. இரண்டு காலத்துக் கருவிகளை ஒப்பிடுவதுதான்.

அப்படியென்றால் பொருள் பிரிப்பதே ஆசிரியரின் விருப்பம்தானே என்று கேட்கலாம். முழுக்க அப்படியல்ல. மூக்கு ஒழுகுவது, துவைக்கும்போது சாயம் போவது, கடை நடத்துவது எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ வரும். ஒன்றைத் தெரிந்தவர் மற்றதைத் தானாக ஊகித்துவிட முடியாது. தேர்தலில் நிற்பதற்கு அமெரிக்கர் அதே வினையைச் சொல்ல, பிரிட்டனில் வழக்கமாக ‘ஸ்டாண்ட்’ என்பார்கள். இந்த வேறுபாடுகளை உண்டாக்கியது வழக்கு. அவற்றை எவ்வளவு நுணுக்கமாகக் கூறுபோடுவது என்பதில்தான் ஆசிரியரின் கை இருக்கிறது. எனவே ஒரு சொல்லுக்கு இத்தனை பொருள் என்று யாராவது சொன்னால், எந்த அகராதி, எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். அது தெரியாத எண்ணுக்கு மதிப்பில்லை.