திண்ணை போனபின் வந்த அவசரம்

விருந்தினர் வரப்போகிறார்கள் என்று தெரிந்தவுடன் கூடத்தில் கிடக்கும் துணிகளை வாரி உள்ளறைக் கட்டிலில் போட்டுக் கதவைச் சாத்துவதும், பழைய நாளிதழ்களைச் சோபா மெத்தைக்கு அடியில் செருகுவதும் இன்றைய தமிழ் நகர வீடுகளில் சாதாரணமாக நடப்பவை. விருந்தோம்பலுக்குத் திருக்குறளில் தனி அதிகாரமே வகுத்துக்கொண்ட சமூகம் என்பதால், இந்தப் பரபரப்பும் அவ்வறத்தைப் போலவே பழையது என்று கருதத் தோன்றும். ஆனால் இலக்கியம் காட்டும் வீடுகளையும் அண்மைக்காலம் வரை நின்ற வீடுகளின் அமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், இது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு நகர வீட்டில் பிறந்த வழக்கம் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்களில் அழையா விருந்தாளிக்குக் குறைவில்லை. மாலையில் வாயிலை அடைப்பதற்கு முன், உள்ளே வர வேண்டியவர் எவரேனும் உண்டா என்று உரக்கக் கேட்கும் வழக்கத்தைக் குறுந்தொகையின் 118ஆம் பாடல் காட்டுகிறது. நள்ளிரவில் விருந்து வந்தாலும் மகிழும் தலைவியை நற்றிணையின் 142ஆம் பாடல் போற்றுகிறது. இவற்றைவிட இங்கு முக்கியமானது புறநானூற்றின் 316ஆம் பாடல். அதில் ஒரு மறவன் குப்பையும் செத்தையும் மண்டிய, பெருக்கப்படாத முற்றத்தில் கள்ளின் மயக்கத்தில் உறங்குகிறான். முந்தைய நாள் வந்த விருந்தினருக்கு உணவளிக்க அவன் தன் பழைய வாளைப் பணயமாக வைத்துவிட்டான் என்று அவனைச் சார்ந்த பாணன் பெருமையோடு சொல்கிறான். பெருக்காத முற்றம் அவ்வீட்டாருக்கு இழுக்காகவே சொல்லப்படவில்லை. விருந்தினருக்குச் சோறிட முடியாமற்போவதே இழுக்கு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், மழை இரவில் வந்த அடியவருக்காக இளையான்குடி மாறனார் அன்று விதைத்த நெல்லையே வாரிக்கொண்டு வருகிறார். அடுப்பெரிக்கக் கூரையின் கழிகளை அறுத்துத் தருகிறார். விருந்துக்காக வீட்டையே பிரிக்கும் இக்கதையில் வீடு எப்படித் தோன்றும் என்ற கவலைக்கு இடமே இல்லை.

இதனால் பழந்தமிழர் துப்புரவைப் பொருட்படுத்தவில்லை என்று முடிவு கட்டுவது பிழையாகும். பெரும்பாணாற்றுப்படை காட்டும் அந்தணர் வீட்டின் தரை பசுஞ்சாணத்தால் மெழுகப்பட்டிருக்கிறது. சாணத்தை நீரில் கரைத்துக் கையால் அரைவட்டமாக இழுத்து மண்தரையில் பூசும் இம்முறை, புழுதியை அடக்கித் தரையை இறுக்கியது. காய்வதற்கு நேரம் எடுத்ததால் இதை யாரும் விருந்தினரை வாசலில் நிறுத்திவைத்துக்கொண்டு செய்ய முடியாது. துப்புரவு என்பது பொழுதைச் சார்ந்த கடமையாக இருந்தது. விடியலில் வாசல் தெளித்துக் கோலமிடுவார்கள். அந்தி விளக்கேற்றும் முன் மறுபடி பெருக்குவார்கள். விளக்கு வைத்தபின் துடைப்பத்தைத் தொடலாகாது என்றும், வீட்டிலிருந்து ஒருவர் புறப்பட்ட கையோடு பெருக்கலாகாது என்றும் இன்றுவரை நிலவும் இரண்டு விலக்குகள் இவ்விடத்தில் கவனத்துக்குரியவை. முன்னதற்கு இலட்சுமி வெளியேறிவிடுவாள் என்றும், மங்கிய ஒளியில் கீழே விழுந்த சிறு நகை குப்பையோடு போய்விடும் என்றும் காரணம் சொல்வார்கள். பின்னது சாவு வீட்டில் பிணம் எடுத்தபின் பெருக்கும் சடங்கை நினைவூட்டுவது. காரணம் எதுவாயினும், அந்திக்குப் பின் வரும் விருந்தினருக்காக வீட்டைப் பெருக்குவது இவ்வழக்கத்தால் தடைபட்டே இருந்தது.

அந்தத் தடையால் எவரும் சங்கடப்படாமல் காத்தது வீட்டின் அமைப்பு. வீதியை ஒட்டி, கூரைத் தாழ்வாரத்தின் கீழ் உயர்த்திக் கட்டிய மேடையே திண்ணை. சில வீடுகளில் அதன் ஒரு கோடியைச் சரிவாக உயர்த்தித் தலையணை போலக் கட்டியிருப்பார்கள். வழிப்போக்கர் கேளாமலே வந்து படுக்கலாம் என்பதற்கு அந்தச் சுண்ணாம்புச் சரிவைவிட வேறு சான்று வேண்டியதில்லை. திண்ணைக்குப் பின் ரேழி எனப்படும் இடைகழி, அதற்குப் பின் முற்றமும் கூடமும், கடைசியில் அடுக்களையும் கொல்லையும் என்று வீடு நீண்டது. வந்தவர் கால் கழுவி, திண்ணையில் அமர்ந்து, ஒரு செம்பு நீர் குடித்து முடிப்பதற்குள் உள்ளே பாயை விரித்துவிடலாம். ஒளித்துவைக்க வேண்டிய பொருள்களும் சொற்பம்: துணி கொடியில், பானை உறியில், விளக்கு மாடத்தில், மற்றவை பரணில். இந்த அமைப்பை வெறும் ஏக்கத்தோடு பார்ப்பதும் சரியன்று. வீட்டின் உள்ளே யார் வரலாம், திண்ணையோடு யார் நிற்க வேண்டும், திண்ணையிலும் ஏறாமல் தெருவிலேயே யார் நிற்க வேண்டும் என்பதைச் சாதியே முடிவு செய்தது. எல்லோரும் உள்ளே வர முடியாததாலும் உள்வீடு பார்வைக்குத் தப்பியது.

இந்த ஏற்பாட்டை இரண்டு மாற்றங்கள் குலைத்தன. முதலாவது, வருகையை முன்கூட்டித் தெரிவிக்கும் வசதி. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை தொடங்கியது. 1879இல் காலணா விலையில் அஞ்சலட்டை வந்தது. இன்ன நாளில் இன்ன வண்டியில் வருகிறோம் என்று எழுத முடிந்தபோது, வீட்டாருக்கு வெள்ளையடிக்கக்கூட அவகாசம் கிடைத்தது. பரபரப்புக்குத் தேவை அதுவன்று. அதற்குக் குறுகிய அவகாசம் வேண்டும். சொல்லாமல் வந்து வாசலில் நிற்பவருக்காக எதையும் மறைக்க நேரமில்லை, வாரம் முன்பே எழுதியவருக்காக அவசரப்படத் தேவையில்லை. தெருமுனையில் நிற்கிறோம் என்று கைப்பேசியில் சொல்பவரே, எல்லாவற்றையும் செய்ய முடியாத, ஆனால் சும்மாவும் இருக்க முடியாத பத்து நிமிடத்தைத் தருகிறார்.

இரண்டாவது மாற்றம் வீட்டுக்குள்ளேயே நடந்தது. நகரங்களில் மனை சுருங்கியபோது முதலில் பலியானது திண்ணை. ஒண்டுக் குடித்தனங்களில் ஒரே அறை படுக்கவும் உண்ணவும் பயன்பட்டாலும், அங்கே எல்லோர் நிலையும் ஒன்றே என்பதால் எவரும் எவரிடமும் மறைக்க முடியவில்லை. பின்னர் 1961இல் தொடங்கிய வீட்டுவசதி வாரியத்தின் குடியிருப்புகளும் தனியார் அடுக்குமாடிகளும் பெருகியபோது, கதவைத் திறந்தவுடன் ஹால் என்பதே பொதுவான அமைப்பாயிற்று. பழைய வீட்டில் ரேழி தாண்டி உள்ளே இருந்த கூடம் இப்போது வாசற்படிக்கே வந்துவிட்டது. ஆனால் திண்ணையைப் போல அது காலியாக இருக்கவில்லை. 1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபின், வீடுகளுக்குள் வரத் தொடங்கிய பெட்டிக்குரிய இடமும் ஹாலே ஆயிற்று. அதன் எதிரே குடும்பம் உண்டது, துணி மடித்தது, பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதினர். வரவேற்பறையும் வாழும் அறையும் ஒன்றானதுதான் இந்த அவசரத்தின் உண்மையான தொடக்கம்.

உள்ளறையில் அள்ளிக் கொட்டப்படும் குவியலை அன்றிரவே பிரித்து, மடித்து, மறுபடி அலமாரியில் அடுக்குபவர் பெரும்பாலும் அந்த வீட்டுப் பெண்தான். அடுக்களைப் புகையில் வியர்க்க வியர்க்க விருந்துக்குச் சமைத்தவளை நற்றிணை பாடியது. அவளுடைய வேலையில் பின்வந்த வீடு சேர்த்த இந்தப் பங்குக்கு வீட்டு வரலாற்றிலும் பெண்களின் உழைப்பு வரலாற்றிலும் உரிய இடம் இன்னும் கிடைக்கவில்லை.