கொம்பறையில இருந்து கூப்பன் அரிசி வரை

2021 மே மாதம் இரசாயன உரத்துக்கும் பூச்சிகொல்லிக்கும் இறக்குமதித் தடை வந்தபோது நாங்கள் அடிக்கடி கேட்ட வசனம் ஒன்று இருக்கு: "எங்கட பாட்டன் பூட்டன் மருந்தடிச்சே விளைவிச்சவை?" தடை நவம்பரில் விலக்கப்பட்டது. அதற்குள் வயலில் என்ன நடந்ததென்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதே கேள்வியை வயலை விட்டு, அறுவடைக்குப் பிறகு நெல்லைச் சேர்த்து வைக்கிற இடத்தில் கேட்டுப் பார்த்தால் சங்கதி வேறு. அங்கே பழைய ஆக்கள் உண்மையிலேயே மருந்தில்லாமல்தான் சமாளித்தார்கள். பிறகு ஏன் அது கைவிட்டுப் போனது?

வன்னியில் கொம்பறை, யாழ்ப்பாணத்து வீடுகளில் கோர்க்காலி. நெல்லை நல்ல வெயிலில் காயவிட்டு, இடையிடையே காய்ந்த வேப்பிலையோ நொச்சியிலையோ போட்டு வைப்பார்கள். பயறுக்குள் செத்தல் மிளகாய். நொச்சி போன்ற இலைகளின் மணம் என்பது காற்றில் கலக்கிற எண்ணெய்தான். மூடிய பாத்திரத்துக்குள் அந்த ஆவி தங்கி நிற்கும். பூச்சிக்கு மூக்கில்லை, உடம்பின் பக்கத்தில் உள்ள சிறு துளைகளால்தான் மூச்சு விடுகிறது. ஆவியும் அந்த வழியாலேயே உள்ளே போகும். வேம்பின் கதை கொஞ்சம் வேறு. அதன் பலம் மணத்தைவிடக் கசப்பில் இருக்கிறது. 1968இல் இங்கிலாந்தில் வேப்பம் விதையிலிருந்து பிரித்தெடுத்த அசாடிராக்டின், பூச்சியைத் தின்னவிடாமலும் தோலுரித்து வளரவிடாமலும் தடுக்கிறது.

ஆனால் எல்லாப் பெருமையையும் இலைக்குக் கொடுத்தால் அது பிழை. நன்றாகக் காய்ந்த தானியத்தில் வண்டு இலேசில் பெருகாது. அதைவிட முக்கியம், வீட்டில் இருந்தது நெல், அரிசியல்ல. உமி உடையாத நெல்லை அரிசி வண்டால் சுலபமாகத் துளைக்க முடியாது. தேவைக்குத் தேவை குற்றிக்கொண்டார்கள். வெயில், உமி, இலை மூன்றும் சேர்ந்ததுதான் அந்த முறை.

இதைக் குலைத்தது விஞ்ஞானம் என்று சொல்லுவார்கள். எங்களுக்கு அது யுத்தம் என்றே படுகிறது. இலங்கை தின்ற அரிசியில் அரைவாசிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது, முக்கியமாக பர்மாவிலிருந்து. 1942இல் பர்மா யப்பானியரிடம் விழுந்தது. பங்கீடு வந்தது, கூப்பன் வந்தது. அரசாங்கமே அரிசிக் களஞ்சியக்காரன் ஆனது. 1948இல் உத்தரவாத விலைத் திட்டம் வந்து உள்ளூர் நெல்லையும் அரசு வாங்கத் தொடங்கியது. 1953இல் ஒரு கொத்து அரிசி 25 சதத்திலிருந்து 70 சதமாக ஏறியபோது ஓகஸ்ட் 12 ஹர்த்தாலில் நாடே நின்றது. சோறு அந்தளவுக்கு அரசின் கையில் இருந்தது. 1971இல் நெல் சந்தைப்படுத்தும் சபையும் வந்தது. இப்படித்தான் தானியம் வீட்டைவிட்டு வெளியேறியது. உமி நீக்கிய அரிசி, சாக்குச் சாக்காக, பெரிய கொட்டில்களில். அங்கே எத்தனை கட்டு வேப்பிலை போடுவது?

அந்த அளவுக்கு வாயுதான் சரிப்பட்டது. சாக்கு அடுக்கைப் படங்கால் மூடி உள்ளே மெதைல் புரோமைட்டையோ பொஸ்பீனையோ விடுவது. அடிப்படை பழசுதான்: மூடிய இடம், அதற்குள் ஆவி. மெதைல் புரோமைட் ஓசோன் படையைத் தின்னுகிறது என்பதால் மொன்றியல் உடன்படிக்கைப்படி வளர்முக நாடுகள் 2015இல் அதைக் கைவிட்டன. தனிமைப்படுத்தல் போன்ற தேவைகளுக்கு விலக்கு உண்டு. மிச்சமிருக்கிற பொஸ்பீனுக்கோ வண்டுகள் எதிர்ப்புச் சக்தி வளர்த்துக்கொண்டன. 1970களின் தொடக்கத்தில் உலக உணவு விவசாய நிறுவனம் நடத்திய ஆய்விலேயே அது தெரிந்துவிட்டது.

இப்போது ஆய்வுகூடங்கள் திரும்பவும் எண்ணெய்க்கு வந்திருக்கின்றன. கறுவாப் பட்டையின் சின்னமல்டிகைட், கறுவா இலையிலும் கராம்பிலும் உள்ள யூஜினோல் ஆகியவை கண்ணாடிப் போத்தலுக்குள் அரிசி வண்டைக் கொல்கின்றன. ஒல்லாந்தர் காலத்திலேயே இந்தத் தீவிலிருந்து கப்பலேறிய கறுவா எண்ணெய், இன்று பூச்சிகொல்லி என்ற பெயரில் திரும்பி வருகிறது.

போத்தல் என்பதைக் கவனிக்க வேணும். அது ஒரு விதத்தில் அம்மம்மாவின் பானைதான். கொட்டிலுக்குள் எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிப் போகும், தானியம் அதை உறிஞ்சும், சோற்றில் கறுவா மணக்கும், விலையும் கட்டாது. விதைநெல்லுக்குப் பாவிப்பதென்றாலும் யோசித்துத்தான் செய்ய வேணும், சில எண்ணெய்கள் முளைதிறனைக் குறைக்கும். வீட்டுப் பயறு வாளி, சின்னக் கமக்காரரின் நாலைந்து மூட்டை, அந்த அளவில் இது இன்றைக்கும் நிற்கும். 2021இல் "பழசுக்குத் திரும்புங்கோ" என்றவர்கள் இலையை மட்டும்தான் நினைத்தார்கள். கொம்பறையை யாரும் கேட்கவில்லை.