சக்கரத்தின் கதை – 9: டயருக்குப் பால் வார்த்தவர்கள்

பெல்ஃபாஸ்டில் 1888ஆம் ஆண்டு ஜான் பாய்ட் டன்லப் என்ற கால்நடை மருத்துவர், மகனின் மூன்று சக்கர வண்டி தடதடக்காமல் ஓட ரப்பர் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். மெசபடோமியாவில் வண்டிச் சக்கரம் உருளத் தொடங்கி அதற்குள் ஐயாயிரம் ஆண்டு ஆகியிருந்தது. 1908இல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்ததும் உலகுக்கு ரப்பர்மீது பேய்ப்பசி பிடித்தது. 1910இல் விலை எகிறியது. மலாயாவின் சிரம்பான், போர்ட்டிக்சன், பகாவ் வட்டாரக் காடுகள் பால்மரக் காடுகளாயின. மரம் சீவிப் பாலெடுக்க ஆள் வேண்டுமே! ஆள் சேர்க்கும் கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குக் கப்பலேறினார்கள். டன்லப் நிறுவனமே பின்னர் மலாயாவில் தோட்டங்கள் வாங்கியது. பகாவின் கெடிஸ் தோட்டம் அவற்றில் ஒன்று.

அப்படி வந்து உலகத்துக்கே டயர் கொடுத்த தொழிலாளர்கள் நடந்துதான் போனார்கள். விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்பு, பிறகு முந்நூறு நானூறு மரம். வெயில் ஏறியதும் காண்டாக் கம்பைத் தோளில் வைத்து, இருபுறமும் வாளி தொங்க, மேட்டிலும் சரிவிலும் பால் சிந்தாமல் நடக்க வேண்டும். சிந்தினால் கூலியில் இடிக்கும். சைக்கிள் வெகுகாலம் தோட்ட எழுத்தர்களான கிராணிமார் சொத்தாகவே இருந்தது.

பாலை ஷீட்டாக்கும் ஸ்டோரில் மட்டும் சக்கரம் தொழிலாளர் கைக்கு வந்தது. அமிலம் ஊற்றி உறையவைத்த பால்கட்டியை உருளைகளுக்கிடையே விட்டு, பக்கத்துச் சக்கரத்தைக் கையால் சுற்றுவார்கள். தண்ணீர் பிழிந்து ஷீட் மெலியும். கடைசி உருளையில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். அது அழகுக்கல்ல, வரி விழுந்த ஷீட்டுக்குப் பரப்பு கூடுவதால் புகைக்கூண்டில் சீக்கிரம் காயும், ஒன்றோடொன்று ஒட்டாது. இந்த உருளையைப் பற்றி எந்தக் கார்க் கம்பெனியும் விளம்பரம் செய்ததாகத் தெரியவில்லை!

அந்த ஷீட்டுகளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசேர்த்ததில் ரயிலுக்குப் பெரும்பங்கு. சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இலேயே தண்டவாளம் விழுந்துவிட்டது. ரப்பருக்காக அல்ல, வெள்ளீயத்துக்காக. தம்பின் பக்கமிருந்து மலாக்காவுக்குக் கிளைப்பாதை 1905இல் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தக் கிளைப்பாதையைப் பெயர்த்து சயாம்–பர்மா ரயில் வேலைக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தும் அது திரும்பப் போடப்படவில்லை. தண்டவாளத்தை மட்டுமா கொண்டுபோனார்கள்? தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து ஆண்களையும் லாரியில் ஏற்றினார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தச் சயாம்–பர்மா பாதையில் அவர்கள் பட்ட பாடு அடுத்த வாரம்.