ஓர் ஆழாக்குச் சோறு

திண்டிவனத்தில் என் அத்தை வீட்டு அடுக்களையில் விளிம்பு நசுங்கிய பித்தளை ஆழாக்கு ஒன்று இருக்கிறது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று எனக்குப் பள்ளியில் யாரும் சொல்லித் தரவில்லை. இதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய வருடமே அத்தை அமைப்பாளராக வேலைக்குச் சேர்ந்தார். மரக்காணம் போகும் சாலையில் ஒரு சின்னத் தொடக்கப்பள்ளி. பிள்ளைக்கு 100 கிராம் அரிசி என்பது கணக்கு. தராசு இருந்தாலும் அவர் நம்பியது ஆழாக்கைத்தான். “முக்கா ஆழாக்குக்குக் கொஞ்சம் கம்மி. அவ்ளோதான்டா நூறு கிராம்” என்பார். 83 பிள்ளைகள் வந்தால் 8 கிலோ 300 கிராம். பொங்கிய சோறு கடைசிப் பிள்ளையின் தட்டோடு முடியும். மிஞ்சாது, பத்தாமலும் போகாது.

இந்த அத்தைக்குத்தான் 2009இல் தன் சாப்பாட்டை அளக்கத் தெரியாமல் போனது.

அப்போது அவர் எடை 108 கிலோ. சர்க்கரை, முழங்கால் வலி. துபாயில் இருந்த மகன் பணம் அனுப்ப, சென்னையில் ஒரு மருத்துவமனையில் வயிற்றுக்குப் ‘பேண்டு’ போட்டார்கள். உணவுக்குழாய் வயிற்றோடு சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிலிக்கோன் வளையம். அதன் உட்புறம் ஊதினால் உப்பும் பலூன். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் வந்து தோலுக்கடியில் பொத்தான் மாதிரி ஒன்றில் முடியும். அந்தப் பொத்தானுக்குள் ஊசி வழியாக உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும், எடுத்தால் தளரும். வளையத்துக்கு மேலே மிஞ்சுவது 15 முதல் 30 மில்லி பிடிக்கும் ஒரு பை. ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. அந்தப் பை ஒரு செவிடுகூட இல்லை.

அத்தைக்குக் கொடுத்த தாளில் எல்லாம் அளவாக இருந்தது. அரைக் கப்பில் ஆரம்பி. சுண்டுவிரல் நக அளவு கவளம். நன்றாக மென்று விழுங்கி, ஒரு நிமிடம் காத்திரு. சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காதே. அரை மணி நேரத்துக்கு மேல் உட்காராதே. வயிறு நிறையும்வரை அல்ல, பசி போகும்வரைதான்.

கடைசி வரியில்தான் சிக்கினார். “பசி போறது வேற, வயிறு ரொம்பறது வேறன்னு எழுதியிருக்குதே, ரெண்டும் எப்ப வேற வேறயா இருந்துச்சி?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொரு நாள் தாளை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்: “தாது வருசத்துல கூலிக்காரங்களுக்கு அளந்து போட்டாங்கன்னு எங்க ஆயா சொல்லும். அதுமாரி இருக்குடா.”

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு நான் படிக்கப் போனேன்.

தாது வருடப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன், சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரியைப் பஞ்சப் பகுதிகளைப் பார்க்க அனுப்பினார். டெம்பிளுக்கு ஒரு பின்கதை உண்டு. 1873-74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து அரிசியைத் தருவித்து மக்களைக் காப்பாற்றியவர் அவர். சாவு மிகக் குறைவு. அதற்குக் கிடைத்தது பாராட்டு இல்லை, ஊதாரி என்ற பெயர். சென்னை மாகாணத்துக்கு வந்தபோது அந்தப் பெயரைத் துடைக்கும் அவசரத்தில் இருந்தார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் வெட்டும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்றார். பெண்ணுக்கும் வேலை செய்யும் பிள்ளைக்கும் இன்னும் குறைவு. ஒரு பவுண்டு என்றால் 453 கிராம்.

எதிர்த்தவர் மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ். உழைக்கும் உடம்புக்கு இது காணாது; குறைந்தது ஒன்றரைப் பவுண்டு தானியம் வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று வாதாடினார். அதே வருடம் மாகாண அரசு பாதி தூரம் இறங்கிவந்தது. ஒன்றேகால் பவுண்டு தானியம், ஒன்றரை அவுன்ஸ் பருப்பு. ஒன்றரை அவுன்ஸ் 43 கிராம்கூட இல்லை. இதற்காக எத்தனை கடிதங்கள், எத்தனை அறிக்கைகள்! பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் இறந்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர் வாய்க்கால், 1877-78இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பெயரில் பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. அந்தக் கால்வாயின் தென்கோடி மரக்காணம். அத்தை ஆழாக்கில் அளந்து போட்ட பள்ளியிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். அந்தப் பள்ளிப் பிள்ளைக்கு ஒருவேளைக்கு 100 கிராம் அரிசி, டெம்பிள் கணக்கில் நாள் முழுக்க மண் வெட்டியவருக்கு 453 கிராம் தானியம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

இதே தென்னார்க்காட்டில், அந்தப் பஞ்சத்துக்குப் பத்து வருடம் முன்பு, 1867 மே 23 அன்று வள்ளலார் வடலூரில் தருமச்சாலை தொடங்கினார். அணையா அடுப்பு இன்றும் எரிகிறது. அங்கே தலைக்கு இத்தனை கிராம் என்ற பேச்சே இல்லை. வந்தவன் பசித்தவனா என்பது ஒன்றே கேள்வி, போதும் என்று சொல்ல வேண்டியவனும் அவனே. டெம்பிளும் வள்ளலாரும் ஏறக்குறைய ஒரே காலத்து ஆட்கள் என்பதை நம்பச் சிரமமாக இருக்கிறது.

வளையத்துக்கு வருகிறேன். வயிற்றை ஒரு பாத்திரமாகப் பார்ப்பது பழைய பழக்கம். 1912இல் அமெரிக்காவில் வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞருக்காக அவர் மாணவர் வாஷ்பர்ன் ஒரு பலூனை விழுங்கினார். வயிறு சுருங்கும்போதெல்லாம் பசிக்கிறது என்று சொன்னார். பசி வெற்றுப் பாத்திரத்தின் சத்தம் என்றால், பாத்திரத்தைச் சின்னதாக்கினால் போயிற்று. 1980களில் ஸ்வீடனிலும் அமெரிக்காவிலும் இறுக்கித் தளர்த்தும் வளையங்கள் வந்தன. வயிற்றைக் கிழிக்காமல், லேப்ராஸ்கோப் வழியாக முதலில் பொருத்தியவர் மிடிக்கு பெலாச்சு. இடம் பெல்ஜியம், 1993 செப்டம்பர். (அதே மாதம் 30ஆம் தேதிதான் தென்னார்க்காட்டிலிருந்து விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. சம்பந்தம் ஏதுமில்லை, சொல்லாமல் இருக்க முடியவில்லை.) பெலாச்சு எத்தியோப்பியாவில் பிறந்தவர். 1984 பஞ்சத்தின்போது எலும்பும் தோலுமாக உலகம் டிவியில் பார்த்த அதே நாடு.

பிறகுதான் விஷயம் மாறியது. மெல்பர்னில் பால் ஓ’பிரையன் குழுவினர் கவனித்தபோது, சரியாக இறுக்கிய வளையத்தில் உணவு மேலே பையில் தேங்கிக் கிடக்கவில்லை. ஒவ்வொரு சின்னக் கவளமும் சில பிழிவுகளில் வளையத்தைத் தாண்டிவிடுகிறது. தாண்டும்போது வயிற்றுச் சுவரில் விழும் அழுத்தம்தான் நரம்பு வழியாக மூளைக்குப் ‘போதும்’ என்று போகிறது. அதாவது வளையம் பாத்திரத்தைச் சின்னதாக்கும் கருவி இல்லை, ஒரு சைகை. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். தாமதமாக வரும் சிக்னலை நம்பி வேகமாக ஓடும் எந்த அமைப்பும் கவிழும் என்பது தொழிலில் பட்டுத் தெரிந்தது. கவளத்துக்குக் கவளம் ஒரு நிமிடம் என்ற விதி அந்தச் சிக்னல் வந்து சேர்வதற்கான அவகாசம். தாளில் காரணத்தை எழுதியிருந்தால் அத்தை கேட்டிருப்பார். அளவை மட்டும் எழுதியிருந்தார்கள்.

அத்தைக்கு நடந்தது வேறு. பள்ளியில் பிள்ளைகளுக்குப் போடுமுன் சமைத்ததை ருசி பார்க்க வேண்டும். அவசரத்தில் ஒருவாய். சோறு நெஞ்சில் நின்றுவிடும். வாயெல்லாம் நுரை நுரையாக எச்சில். கொல்லைப்பக்கம் ஓடுவார். பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள் என்பதுதான் அவருக்கு வாந்தியைவிடப் பெரிய வலி. எடை இறங்காதபோதெல்லாம் சென்னை போய் இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டு வந்தார். இறுக்க இறுக்கச் சோறும் களியும் இறங்கவில்லை. பாயசம் இறங்கியது. ஐஸ்கிரீம் இறங்கியது. மல்லாட்டை உருண்டையை வாயில் கரைத்தே விழுங்கப் பழகினார். 19 கிலோ குறைந்து, அதில் 12 திரும்பி வந்தது. அதை அவர் இரண்டு வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

விழுப்புரத்தில் ஒரு கல்யாணப் பந்தி நினைவிருக்கிறது. எதிர்வரிசையில் எல்லாரும் ரசத்துக்குப் போய்விட்டார்கள், அத்தை மூன்றாவது கவளத்தில் இருக்கிறார். பரிமாறுகிறவர் ‘என்னம்மா சாப்பாடு புடிக்கலையா?’ என்று இன்னொரு கரண்டி சாய்த்துவிட்டுப் போனார். எல்லாரும் எழும்போது அத்தையும் இலையை மூடிவிட்டு எழுந்தார். உள்ளே சோறு அப்படியே இருந்தது. 83 தட்டுக்கு ஒரு பருக்கை மிஞ்சாமல் போட்டவர், இலையைத் திரும்பிப் பார்க்காமல் கை கழுவப் போனார்.

2017இல் வளையம் நழுவிவிட்டது, எடுத்துவிட்டார்கள். உலகம் முழுக்கவும் அதற்குள் இந்த முறை வழக்கொழிந்துகொண்டிருந்தது. வயிற்றையே குழாய்போலக் குறைத்து வெட்டும் அறுவைச் சிகிச்சைக்கு மருத்துவர்கள் போய்விட்டார்கள். அத்தை அதற்குச் சம்மதிக்கவில்லை.

விநோதம் என்னவென்றால், வளையம் போன பிறகுதான் அவர் மெதுவாகச் சாப்பிடுகிறார். யாரும் பார்க்காத நேரத்தில், தனியாக, கொல்லைப்பக்கத் திண்ணையில் தட்டோடு உட்கார்ந்து. ஒரு வாய், பிறகு முருங்கை மரத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா. “இப்ப தெரியுதா அத்தை?” என்று கேட்டேன். “சில நாளு தெரியுது. சில நாளு தெரியல” என்றார். எடை இப்போது 94.

போன மாதம் போயிருந்தபோது எனக்குச் சாப்பாடு போட்டார். “போதும் அத்தை” என்று கையை நீட்டி மறித்தேன். “உனக்கு இன்னாடா தெரியும்?” என்று விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழுந்தது.